லினக்ஸில் எழுதி விண்டோஸுக்குக் கொடுப்பது: எடை மேடைக் கணினிக்கு எந்த வழி?

பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து மென்பொருள் செய்துகொடுக்கிறவர்களுக்கு ஒரு பொதுவான இக்கட்டு உண்டு. எழுதுகிற மேசையில் லினக்ஸ் இருக்கும். வாங்குகிறவர் கடையில் விண்டோஸ் இருக்கும். எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் வண்டியோடு சரக்கை நிறுக்கும் எடை மேடை வைத்திருப்பவர்கள்: அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைக்காரர்கள், கல் குவாரிக்காரர்கள், பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றி அனுப்புகிறவர்கள். இவர்களுக்காக டெபியன் லினக்ஸில் எழுதும் நிரலை விண்டோஸில் ஓடும் எக்ஸி கோப்பாக்கப் பல வழிகள் இருக்கின்றன. எதைப் பிடிப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர்களிடம் இருப்பதிலேயே பழைய கணினி எதுவோ, அதை வைத்துத்தான், நாம் எழுதியதைக் கணினி ஓட்டும் கோப்பாக மாற்றும் கம்பைலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த மொழி பிடிக்கும், எது வேகம், எது புதுசு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எடை மேடை அறைக்குள் எட்டிப் பார்த்தால் காரணம் விளங்கும். மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்கள் இண்டிகேட்டர் என்னும் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கும். இண்டிகேட்டர் எடையை எழுத்துகளாக மாற்றி, ஆர்எஸ்-232 சீரியல் கம்பி வழியே கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நிரல் அதைப் படித்து, மொத்த எடை, காலி எடை, நிகர எடை மூன்றையும் போட்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் சீட்டு அடித்துத் தரும். கணினியோ நெல் தூசியில் பல ஆண்டுகள் உழைத்ததாக இருக்கும். “அண்ணாச்சி, இதில் எந்த விண்டோஸ் போட்டிருக்கிறது?” என்று கேட்டால், “முன்பு பச்சைப் புல்வெளிப் படம் வருமே, அது போய் நீலத்தில் ஜன்னல் படம் வருகிறது தம்பி” என்று பதில் கிடைக்கும். அது விண்டோஸ் 7. பெரும்பாலும் 32 பிட். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திவிட்டது. ஆனால் எடை வருகிறது, சீட்டும் வருகிறது. ஆலைக்காரர் எதற்கு மாற்றுவார்? பிசான அறுவடையில் டிராக்டரும் லாரியும் வாசல்வரை வரிசையாக நிற்கும்போது, புதுக் கணினி வைத்துப் பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வகைக் கணினியில் இருந்துகொண்டே வேறு வகைக்கு நிரல் ஆக்குவதைக் கிராஸ் கம்பைல் என்பார்கள். அதில் மாயம் ஒன்றும் இல்லை. நம் மேசையில் உள்ள கணினியும் ஆலைக் கணினியும் ஒரே வகை சிப்பில் ஓடுகின்றன. வேறுபடுவது கோப்பின் வடிவமும், இயங்குதளத்திடம் வேலை கேட்கும் முறையும். லினக்ஸ் நிரல் இஎல்எஃப் வடிவில் இருக்கும். விண்டோஸ் நிரல் பிஇ வடிவில் இருக்கும். ஆகவே லினக்ஸில் உட்கார்ந்துகொண்டே விண்டோஸுக்குச் செய்ய, பிஇ வடிவில் எழுதத் தெரிந்த கம்பைலரும், துண்டுகளை ஒரே கோப்பாக இணைக்கும் லிங்கரும், விண்டோஸின் செயற்கூறுகளை அறிவிக்கும் ஹெடர் கோப்புகளும், நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் துணைக் கோப்புகளான அதன் டிஎல்எல்களோடு இணைப்பதற்கான லைப்ரரிகளும் வேண்டும். இவற்றை யார், எப்படித் தருகிறார்கள் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

பலருக்கும் முதலில் தோன்றுவது, இந்தத் தொல்லையே வேண்டாம், லினக்ஸுக்குள்ளேயே இன்னொரு கணினிபோல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸைப் போட்டு, மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோவில் செய்துவிடலாம் என்பது. தனி ஆளுக்கும் சிறு குழுவுக்கும் அதன் கம்யூனிட்டி பதிப்பு இலவசம். பிழை தேடும் வசதியில் அதற்கு ஈடாக லினக்ஸ் பக்கம் எதையும் என்னால் காட்ட முடியாது. ஆனால் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் போடும் விண்டோஸுக்கும் தனி உரிமம் வாங்க வேண்டும். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்களும் விஷுவல் ஸ்டுடியோவும் ஒன்றாக ஓடினால் மூச்சுத் திணறும். ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் மூலநிரலை உள்ளே கொண்டுபோய், எக்ஸியை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தால் சலிப்பு வரும். சலித்தவர் சோதிப்பதைக் குறைத்துக்கொள்வார். எனக்கு இந்த வழி பிடிக்காததற்கு முதல் காரணம் அதுதான்.

இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாத ஓர் இடம் உண்டு. கருவி விற்றவர் விஷுவல் சி++ கம்பைலருக்கென்று மட்டும் ஒரு சி++ லைப்ரரி கொடுத்திருந்தால், லினக்ஸில் வழக்கமான ஜிசிசி கம்பைலரால் அதை இணைக்க முடியாது. இரண்டும் செயற்கூறுகளின் பெயர்களை வெவ்வேறு விதமாக உருமாற்றி எழுதுகின்றன. வெறும் சி இடைமுகம் உள்ள டிஎல்எல் என்றால் கவலை இல்லை, எங்கிருந்தும் இணைக்கலாம். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64. ஜிசிசி கம்பைலரை விண்டோஸ் பக்கம் திருப்பிவிட்ட தொகுப்பு இது. டெபியனிலும் உபுண்டுவிலும் ஒரே ஆப்ட் கட்டளையில் வந்துவிடும். 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் தனித்தனிக் கம்பைலர்கள் கிடைக்கும். கம்பைல் கட்டளைகள் உள்ள மேக்ஃபைலில் கம்பைலரின் பெயரை மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் பொறுமையைச் சோதிக்கும். விண்டோஸில் பழகியவர்கள் விண்டோஸ் ஹெடரின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதியிருப்பார்கள். மின்ஜிடபிள்யூவின் ஹெடர் பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்கின்றன. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. கோப்பே இல்லை என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். இது அற்பச் சிக்கல், உடனே தெரிந்துவிடும். உடனே தெரியாதவைதான் ஆலையில் போய் வெடிக்கின்றன. நம் மேசையில் ஒழுங்காக ஓடிய எக்ஸியை அங்கே திறந்தால், லிப்ஜிசிசி காணவில்லை, வின்பிதிரெட் காணவில்லை என்று பெட்டி எழும். இவை மின்ஜிடபிள்யூவோடு வரும் டிஎல்எல்கள். ஆலைக் கணினியில் எப்படி இருக்கும்? இணைக்கும்போது ஸ்டேட்டிக் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் எல்லாம் எக்ஸிக்குள்ளேயே போய்விடும். ஜிசிசியின் இயக்க லைப்ரரிகளுக்கு உரிமத்தில் விதிவிலக்கு இருப்பதால், மூலநிரலை வெளியிடாத வணிக மென்பொருளிலும் இப்படிச் சேர்க்கலாம்.

சி நிரல்கள் எல்லாம் சார்ந்திருக்கும் சி லைப்ரரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்எஸ்விசிஆர்டி என்னும் பழைய லைப்ரரி எல்லா விண்டோஸிலும் இருக்கிறது. யூசிஆர்டி என்னும் புதியது விண்டோஸ் 10 முதல்தான் உடன் வருகிறது; விண்டோஸ் 7-இல் அதற்கென்று ஒரு புதுப்பிப்பைப் போட்டிருக்க வேண்டும். இணையத்தையே பார்க்காத எடை மேடைக் கணினியில் அந்தப் புதுப்பிப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. மின்ஜிடபிள்யூ 2024-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து யூசிஆர்டியை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே உங்களிடம் உள்ள தொகுப்பு எதோடு இணைக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 64 பிட் லினக்ஸில் ‘லாங்’ என்னும் முழு எண் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். எடைப் பதிவுகளை நினைவகத்தில் இருக்கும் வடிவிலேயே கோப்பில் கொட்டி வைத்திருந்தால், இங்கே எழுதியதை அங்கே படிக்கும்போது ஒரு வண்டியின் காலி எடை இன்னொரு வண்டியின் தேதியாகிவிடும். அளவு குறிப்பிட்ட எண் வகைகளையே பயன்படுத்தினால் இந்த வம்பு இல்லை.

இப்போது சிரிக்காமல் கேளுங்கள். திரை, பொத்தான், பட்டியல் எல்லாம் உள்ள நிரல் என்றால் நான் முதலில் சொல்லுவது லாசரஸ், பாஸ்கல் மொழியில் திரைகளோடு நிரல் செய்யும் கருவி. பாஸ்கலா என்று கல்லூரிப் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். ஆனால் எடை மேடைக்கு வேண்டியதை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் உள்ள ஃப்ரீ பாஸ்கல் கம்பைலருக்கு விண்டோஸ் நிரலை இணைக்கும் லிங்கர் உள்ளேயே இருக்கிறது; மின்ஜிடபிள்யூ இல்லாமலே லினக்ஸிலிருந்து எக்ஸி வரும். டிஎல்எல் எதையும் கூடவே சுமக்க வேண்டியதில்லை, ஒரே கோப்பு. 32 பிட் விண்டோஸ் 7-இல் தயக்கமில்லாமல் ஓடும். லினக்ஸில் ஜிடிகே அல்லது க்யூடி என்னும் திரை லைப்ரரியைக் கொண்டு வரையும் அதே படிவத்தை, விண்டோஸில் விண்டோஸின் சொந்தப் பொத்தான்களைக் கொண்டே வரைகிறது. சீரியல் போர்ட்டுக்கு சினாப்ஸ் லைப்ரரியில் ஒரு பகுதி இருக்கிறது. லினக்ஸிலும் விண்டோஸிலும் ஒரே நிரல்வரிகள் போதும்.

குறைகளும் உண்டு. முதல்முறை அமைக்கும்போது விண்டோஸுக்கான அடிப்படை லைப்ரரிகளை நாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். எஃப்பிசிஅப்டீலக்ஸ் என்னும் கருவி அந்தப் பாரத்தைக் குறைக்கிறது. பிழை தேடுவதற்கான தகவல்களை நீக்காமல் விட்டால் எக்ஸி வீணாகப் பருத்துப்போகும். பெரிய குறை ஆள் கிடைக்காததுதான். நீங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டால், அந்த பாஸ்கல் நிரலைத் தொட இன்னொருவர் எளிதில் கிடைக்க மாட்டார். மாத ஊதியத்துக்கு ஆள் சேர்த்துக் குழுவைப் பெருக்க நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோ மொழியின் பக்கம் வந்தால், கிராஸ் கம்பைல் என்பதே ஒரு வேலையாகத் தெரியாது. 2015-இல் வந்த 1.5 பதிப்பில் கம்பைலரையே கோ மொழியில் எழுதிவிட்டார்கள். அதிலிருந்து, எந்த இயங்குதளம், எந்தச் சிப் என்று இரண்டு சூழல் மாறிகளைக் கொடுத்தால் போதும், எக்ஸி கையில் வந்துவிடும். இதைவிட எளிய வழி எதுவும் இல்லை. ஆனால் 2023 பிப்ரவரியில் வந்த 1.20 பதிப்புதான் விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பதிப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 1.21 முதல் குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். 1.20-இலேயே நின்றுகொள்ளலாம்தான், ஆனால் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. இணையத்தோடு தொடர்பில்லாத கணினியில் அது பெரிய கவலை இல்லை. எடை விவரத்தை உடனுக்குடன் உரிமையாளரின் கைபேசிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டால் கவலைதான். கூடவே, சி லைப்ரரி ஒன்றை கோ நிரலோடு சேர்த்தால் முன்பு சொன்ன மின்ஜிடபிள்யூ மறுபடியும் தேவைப்படும். எளிமை அங்கே முடிந்துவிடும். ரஸ்ட் மொழியும் 2024 மே மாதம் வந்த 1.78 பதிப்பிலிருந்து தன் முதன்மை இலக்குகளுக்கு விண்டோஸ் 10-ஐக் கேட்கிறது. எல்லாக் கணினிகளும் புதியவை என்றால் இரண்டுமே நல்ல தேர்வு.

பைத்தானில் எழுதிவிட்டு, பைஇன்ஸ்டாலரால் எக்ஸி ஆக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். பைஇன்ஸ்டாலர் கிராஸ் கம்பைலர் ஆகாது. விண்டோஸ் எக்ஸி வேண்டுமானால் அதை விண்டோஸில்தான் ஓட்ட வேண்டும். பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7-இல் ஓடுவதும் இல்லை. எங்கள் வகை வேலைக்கு இது ஒத்துவராது.

கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்ற சேவைகளில் மூலநிரலை ஏற்றிவிட்டால், எங்கோ இருக்கும் உண்மையான விண்டோஸ் கணினி கம்பைல் செய்து எக்ஸியைத் திருப்பித் தரும். மூலநிரல் எல்லோரும் பார்க்கும்படி இருந்தால் கட்டணம் கிடையாது. மறைவாக வைத்தால் இலவசத்துக்கு ஓர் அளவு உண்டு. விஷுவல் சி++ கட்டாயம் தேவை, ஆனால் விண்டோஸ் உரிமத்துக்குக் கையில் பணம் இல்லை என்பவருக்கு இது கைகொடுக்கும். கல்லிடைக்குறிச்சியில் கைபேசி இணையத்தில் உட்கார்ந்துகொண்டும் செய்யலாம். ஆனால் அந்தக் கணினியோடு இண்டிகேட்டரை இணைக்க முடியாது. அங்கே விண்டோஸ் 7-உம் இருக்காது.

தமிழைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது முதலில் அடிபடுவது அதுதான். லினக்ஸில் கோப்பின் பெயரைத் தமிழில் வைத்து, சியின் வழக்கமான முறையில் திறந்தால் திறக்கும்; எல்லாம் யூனிகோடை எழுதும் யூடிஎஃப்-8 முறை. விண்டோஸில் அதே செயற்கூறு ஆன்சி குறிமுறை என்னும் பழைய பட்டியலைப் பார்க்கும்; அந்தப் பட்டியலில் தமிழுக்கு இடமே கொடுக்கவில்லை. விண்டோஸில் தமிழ் யூனிகோடு வழியாக மட்டுமே உண்டு. ஆகவே வாடிக்கையாளர் பெயரில் கோப்புறை திறக்கும் நிரல் இங்கே ஓடும், அங்கே விழும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நிரலோடு சேரும் மேனிஃபெஸ்ட் என்னும் விவரக் குறிப்பில் யூடிஎஃப்-8 வேண்டும் என்று கேட்கலாம். விண்டோஸ் 7-இல் யூனிகோடு தெரிந்த அகல எழுத்துச் செயற்கூறுகளைத்தான் அழைக்க வேண்டும். லாசரஸும் கோ மொழியும் இதை உள்ளேயே பார்த்துக்கொள்கின்றன. சியில் எழுதுகிறவர் தானே செய்ய வேண்டும்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. விண்டோஸ் 7-இல் லதாவும் விஜயாவும் இருக்கும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ வந்தது. விண்டோஸ் 10-இல் லதா, நாமாகக் கேட்டுப் போட்டுக்கொள்ளும் கூடுதல் எழுத்துருவாகிவிட்டது. டெபியனில் லோகித் தமிழையோ நோட்டோவையோ வைத்து அளந்து வரைந்த திரை, அங்கே போனதும் எழுத்துகளைக் கத்தரித்துக் காட்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரின் உள்ளெழுத்தில் பொதுவாகத் தமிழ் இருக்காது. படமாக அனுப்பினால் அடிக்கும், ஆனால் மெதுவாக. அதனால்தான் பல ஆலைகள் பெயரையும் முகவரியையும் தமிழில் முன்னமே அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு, எண்களை மட்டும் பிரின்டரில் அடிக்கின்றன. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, அதை மாற்றச் சொல்லாதீர்கள்.

சோதனைக்கு, விண்டோஸ் நிரல்களை லினக்ஸிலேயே ஓட்டும் ஒயின் என்னும் மென்பொருள் இருக்கிறது. செய்த எக்ஸியை உடனே ஓட்டிப் பார்க்கலாம். லினக்ஸின் சீரியல் போர்ட்டை அது விண்டோஸின் காம் போர்ட்டாகக் காட்டும், நம் பயனர் பெயர், சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் இருந்தால் இண்டிகேட்டரிலிருந்து எடையும் வரும். அன்றாடச் சோதனைக்கு இது போதும். ஆனால் விண்டோஸின் பிரின்டர் டிரைவர், யுஎஸ்பி டிரைவர் போன்றவற்றை ஒயினில் சோதிக்க முடியாது. ஓர் எடுத்துக்காட்டு: யுஎஸ்பி-சீரியல் கம்பியை வேறு துளையில் மாற்றிச் செருகினால் விண்டோஸ் புதிய காம் எண் கொடுக்கும், நாளடைவில் அது 10-ஐத் தாண்டிவிடும். 9 வரை வெறும் பெயரைக் கொடுத்தால் போர்ட் திறக்கும். 10 முதல், பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, மறுபடி ஒரு பின்சாய்கோடு சேர்த்தால்தான் திறக்கும். முதல் போர்ட்டிலேயே ஓட்டிப் பார்க்கிற நம் மேசையில் இது ஒருநாளும் தெரியாது. எல்லா எண்ணுக்கும் அந்த முன்னொட்டைச் சேர்த்துவிடலாம், 9-க்குக் கீழும் அது செல்லும்.

ஆகவே விண்டோஸ் உரிமத்துக்கும் பெரிய மடிக்கணினிக்கும் செலவழிக்க நினைத்த பணத்தில், வாடிக்கையாளரிடம் இருப்பது போன்ற பழைய கணினி ஒன்றை அதன் விண்டோஸோடும் சீரியல் போர்ட்டோடும் வாங்கி அலுவலகத்தில் வையுங்கள். கம்பைல் செய்ய வேண்டாம். ஓட்டிப் பார்க்க மட்டும். எங்கள் ஏற்பாடு இதுதான்: திரை உள்ளவை லாசரஸ், எடையைப் படித்து அனுப்பும் பின்னணி நிரல் சியும் மின்ஜிடபிள்யூவும், முழுக்கப் புதிய கணினிகள் உள்ள இடத்தில் மட்டும் கோ. எல்லாமே டெபியனிலிருந்து; கோ நிரல்கள் தவிர மற்றவை அந்தப் பழைய கணினியில் ஓடிய பிறகுதான் வெளியே போகும்.

கணினியையே எடுத்துவிட்டு ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியை வைக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது லினக்ஸிலிருந்து லினக்ஸுக்குத்தான், ஆனாலும் கிராஸ் கம்பைல்தான், சிப் வேறு, ஆர்ம் வகை. டெபியனின் 32 பிட் ஆர்ம் கம்பைலர் ஏழாம் தலைமுறைச் சிப்பை எதிர்பார்க்கும். முதல் பையிலும் பை ஜீரோவிலும் இருப்பது ஆறாம் தலைமுறை, நிரல் தொடங்கியதுமே செத்துவிடும். புதிய டெபியனில் இணைத்த நிரல், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி பழையதாக உள்ள கணினியில் பதிப்பு போதாது என்று மறுக்கவும் செய்யும். ஜிக் கம்பைலரைச் சி கம்பைலராகப் பயன்படுத்தினால், எந்த ஜிலிப்சி பதிப்புக்கு என்று இலக்கிலேயே குறிப்பிடலாம். மேக் கணினிக்கு ஆப்பிளின் உரிமம் ஆப்பிள் கணினியையே கேட்கிறது. எடை மேடையில் மேக் வைத்திருப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

செய்த எக்ஸியை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதும் தேர்வின் பகுதிதான். மின்னஞ்சலில் இறக்கிய, டிஜிட்டல் கையெழுத்திடாத எக்ஸியை விண்டோஸ் 10-இன் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்னும் பாதுகாப்பு தடுத்து எச்சரிக்கும். இணையத்திலிருந்து வந்தது என்ற குறியை வைத்துத்தான் அது எச்சரிக்கிறது. எஃப்ஏடி32 பென்டிரைவில் அந்தக் குறி தங்காது. நேரில் போகிற ஊர்களுக்குப் பென்டிரைவ் போதும். தொலைவில் உள்ளவர்களுக்கு அனுப்புவதானால் கையெழுத்துச் சான்றிதழ் வாங்கத்தான் வேண்டும். 2023 ஜூன் முதல் அதன் திறவுகோலை டோக்கன் போன்ற பாதுகாப்பான வன்பொருளில் வைக்க வேண்டும் என்பது விதி. ஓஎஸ்எஸ்எல்சைன்கோடு என்னும் கருவியால் கையெழுத்தையும் லினக்ஸிலேயே போட்டுவிடலாம். கோப்பைச் சுருக்குகிறேன் என்று யுபிஎக்ஸ் மட்டும் போடாதீர்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அப்படிச் சுருக்கிய கோப்புகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எந்தக் கம்பைலரின் எந்தப் பதிப்பில் செய்துகொடுத்தீர்கள் என்பதை மூலநிரலோடு எழுதிவையுங்கள். முடிந்தால் அந்தக் கம்பைலரையே தனி வட்டில் சேமித்துவையுங்கள். சில ஆண்டுகள் கழித்து ஆலைக்காரர் அதே கணினியை வைத்துக்கொண்டு, சீட்டில் ஒரு வரி கூட்டிக் கொடுங்கள் தம்பி என்று கேட்பார். அதற்குள் உங்கள் டெபியன் இரண்டு பதிப்பு முன்னே போயிருக்கும். புதிய கம்பைலருக்கு விண்டோஸ் 7 என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம்.